ஒன்பது ரிப்போர்ட், ஒரு நுரையீரல்

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் தொழிற்சாலை முகாம் பேக்கேஜில் கொலஸ்ட்ரால் உண்டு, வைட்டமின் டி உண்டு, கண் பார்வை உண்டு, முடித்துவிட்டுப் போகிறவர் கையில் கொடுக்க ஒரு ஆப்பிளும் உண்டு. நெஞ்சு எக்ஸ்ரே மட்டும் கிடையாது. நாள் முழுக்க மணல் தூசியில் நிற்கிற ஆட்களுக்கு எக்ஸ்ரே எடுக்காமல் வைட்டமின் டி பார்த்த கூத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. ஏன் இப்படி என்று கேட்டால், எக்ஸ்ரே வேண்டும் என்று கம்பெனி கேட்டால் தாராளமாகச் சேர்த்துக்கொடுப்போம் என்பார்கள். எந்தக் கம்பெனி கேட்கும்?

நான் டாக்டர். எம்பிபிஎஸ் முடித்து, தொழிற்சாலை மருத்துவத்துக்கென்று இருக்கும் மூன்று மாதப் படிப்பையும் படித்தவள். அந்த ஆஸ்பத்திரியில் பதினொரு வருடம் இருந்தேன். காலையில் மீஞ்சூரில் மின்சார ரயில் ஏறி, கும்மிடிப்பூண்டியில் இறங்கி, ஆஸ்பத்திரி வேனில் ஏதாவது ஒரு கம்பெனி கேண்டீனுக்குப் போய் முகாம் போடுவோம். நான் சேர்ந்தபோது அது ஒரு வயதான டாக்டர் நடத்திய சின்ன ஆஸ்பத்திரி. பிறகு ஒரு பெரிய குழுமம் அதை வாங்கியது. வாங்கிய மறு மாதமே சுவரில் ஒரு திரை வந்தது. அதில் டாக்டர்கள் ஒவ்வொருவரின் பெயருக்கும் எதிரே ஒரு நிறம். எத்தனை பேரைப் பார்த்தோம், எத்தனை டெஸ்ட் எழுதினோம் என்பதை வைத்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு. படித்த காலத்தில் ரேங்க் கார்டோடு விட்டது என்று நினைத்திருந்தேன்.

இப்போது சொல்லப்போவது ஒரு வார்ப்புப் பட்டறையில் நடந்தது. மணலில் அச்சு செய்து, அதில் உருக்கிய இரும்பை ஊற்றி, ஆறியதும் அச்சை உடைத்து வார்ப்பை வெளியே எடுப்பார்கள். உடைக்கும் இடத்தில் நின்றால் எதிரே நிற்கிறவர் முகம் தெரியாது, அவ்வளவு தூசி. அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லோரும் காண்டிராக்ட் ஆட்கள். இவர்களுடைய அப்பாக்கள் பெரும்பாலும் விவசாயக் கூலிகளாக இருந்தவர்கள். பிள்ளைகளுக்குப் பேண்ட், ஷூ, ஹெல்மெட், கழுத்தில் ஒரு அடையாள அட்டை கிடைத்தது. அந்த அட்டையைத் தேய்த்தால்தான் கேட் திறக்கும்.

அங்கே வருடா வருடம் நாங்கள் நடத்துவதில் முக்கியமானது மூச்சுப் பரிசோதனை. ஆட்கள் அதை ஊதுற டெஸ்ட் என்பார்கள். குழாயை வாயில் வைத்து, மூச்சை முழுக்க இழுத்து, இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு ஊத வேண்டும். எவ்வளவு காற்று எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று கம்ப்யூட்டரில் ஒரு வளைகோடு விழும். நுரையீரல் கெட ஆரம்பித்தால் அந்தக் கோடு இறங்கும். இறங்கினால் அந்த ஆளைத் தூசியில்லாத வேலைக்கு மாற்றிக் காப்பாற்ற வேண்டும். டெஸ்ட் வந்ததே அதற்காகத்தான். ஆனால் அந்தப் பட்டறையில் நடந்தது வேறு. கோடு இறங்கினால் அட்டை வேலை செய்யாது. ஆள் வெளியே நிற்பார். மறுநாள் அவருடைய இடத்தில் இன்னொருவர் நிற்பார். இதற்குப் பாதுகாப்பு நடவடிக்கை என்று பெயர் வைத்திருந்தார்கள். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள்.

ஒரு நாள் மத்தியானம், ஆஸ்பத்திரியில் என் அறைக்கு அந்தப் பட்டறை ஆள் ஒருவர் மனைவியோடு வந்தார். முகாம் எதுவும் இல்லாத நாள். பொதட்டூர்பேட்டைப் பக்கத்து ஆள், நாற்பது வயதுகூட இருக்காது. வாசலிலிருந்து நாற்காலிக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்றார். ஏற்கெனவே யாரோ காச நோய் என்று சொல்லி ஆறு மாதம் மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஒரு வேளை விடாமல் சாப்பிட்டும் மூச்சுத்திணறல் கூடிக்கொண்டேதான் போயிருக்கிறது. எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். படம் வந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு நுரையீரலிலும் மேலே புள்ளி புள்ளியாக, பாதி இடம் அடைத்திருந்தது. மணல் தூசி உள்ளே போய்த் தழும்பாக மாறுகிற சிலிக்கோசிஸ். மருந்து இல்லாத நோய்.

கம்ப்யூட்டரில் அவருடைய பழைய ரிப்போர்ட்டுகளைத் திறந்தேன். மூன்று வருட முகாம் ரிப்போர்ட்டும் பச்சை, அதாவது நார்மல். ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்பலாம், அப்படி ஒரு கோடு. கீழே மூன்றிலும் என் கையெழுத்து. மிஷினில்தான் ஏதோ கோளாறு என்று முதலில் நினைத்தேன். என்னிடம் கோளாறு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

போன தடவை நன்றாகத்தானே ஊதினீர்கள் என்று கேட்டேன். மனைவிதான் சொன்னார்.

"அவரு ஊதலீங்க மேடம். மூணு வர்சமும் அவரு ஊதல. கூட வேல செய்ற அண்ணா ஒர்த்தரு இருக்காரு, பழவேற்காட்டு ஆளு. அவருதான் இவங்களுக்கெல்லாம் ஊதுவாரு."

யார் யாருக்கு என்று அவர் பெயரோடு சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் பிரிவில் எட்டுப் பேருக்கு மூச்சு முட்ட ஆரம்பித்திருக்கிறது. ஒன்பதாவது ஆள் மீன்பிடிக் குடும்பத்திலிருந்து வந்தவர், சின்ன வயதிலிருந்து தண்ணீரில் முங்கிப் பழகிய நெஞ்சு. அவர் தனக்கும் ஊதி, மற்ற எட்டுப் பேருக்கும் ஊதியிருக்கிறார். முகாம் இரண்டு நாள் நடக்கும். எல்லோருக்கும் ஒரே யூனிஃபார்ம், ஒரே ஹெல்மெட். டெக்னீஷியன் டோக்கன் நம்பரைக் கூப்பிடுவாரே தவிர முகத்தைப் பார்க்க மாட்டார். அவருக்கும் நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு. நாஷ்டாவுக்கு முன்னால் இரண்டு, பின்னால் மூன்று என்று பிரித்துக்கொண்டு ஊதியிருக்கிறார் பழவேற்காட்டுக்காரர். காசு எதுவும் வாங்கவில்லை. அவர்கள் அதைப் பொய் என்றே நினைக்கவில்லை. ரத்தம் கொடுப்பது மாதிரி மூச்சு கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

"கார்டு பூட்ச்சின்னா இன்னா பண்றது மேடம்" என்றார் அந்தப் பொதட்டூர்பேட்டைக்காரர். அதற்கு மேல் பேச அவருக்கு மூச்சு இல்லை.

அவர்கள் போன பிறகு அந்த ஒன்பது பேரின் ரிப்போர்ட்டுகளையும் எடுத்தேன். வருடத்துக்கு ஒன்பது, மூன்று வருடம். ஒரு ஆள் ஊதுகிற விதம் அவருடைய நடை மாதிரி, மாறாது. ஆரம்பத்தில் ஒரு சின்ன வெட்டு, பிறகு செங்குத்தாக ஏற்றம், கடைசியில் லேசான ஒரு வளைவு. ஒன்பதிலும் அதே வெட்டு, அதே வளைவு. படித்த டாக்டர் ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். நான் பார்க்கவில்லை. முகாம் முடிந்த மறுநாள் எல்லா ரிப்போர்ட்டும் திரையில் வரிசையாக வரும். பச்சையாக இருப்பதையெல்லாம் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, ஒரே பொத்தானில் கையெழுத்து போட்டுவிடலாம். நான் போட்டேன். வருடா வருடம் அந்தப் பொதட்டூர்பேட்டைக்காரரின் மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்தும் பார்த்திருக்கிறேன். கம்ப்ரஸர் ஓடுகிற சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்று தெரிந்தே காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரி மேல் எனக்கு எவ்வளவு கோபமோ அதில் பாதி என் மேலும் உண்டு.

அந்தப் பொதட்டூர்பேட்டைக்காரருக்கு இனி ஒன்றே ஒன்றுதான் மிச்சம். இது வேலையால் வந்த நோய் என்று எழுத்தில் பதிவாக வேண்டும். பதிவானால் தொழிலாளர் காப்பீட்டில் அவருக்கு மாதா மாதம் உதவி உண்டு, அவர் போன பிறகு மனைவிக்கும் பிள்ளைக்கும் உண்டு. பதிவாகாவிட்டால் அவர் யாரோ ஒரு பழைய காச நோயாளி. இந்த நோயைக் கண்டால் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டியது டாக்டரின் கடமை, சட்டத்தில் இருக்கிறது. அந்தப் படிவத்தை நிரப்பி, ஆஸ்பத்திரி முத்திரைக்காக நிர்வாக மேனேஜரிடம் கொண்டுபோனேன்.

அவருக்கு என் மகன் வயதுதான். மருத்துவம் படித்தவர் இல்லை, நிர்வாகம் படித்தவர். உட்காரச் சொல்லி, காபி வரவழைத்து, மிக மரியாதையாகப் பேசினார். மூன்று வருடம் நாமே நார்மல் என்று கொடுத்துவிட்டு இப்போது இப்படி எழுதினால் கம்பெனி என்ன நினைக்கும் என்றார். அந்தத் தொழிற்பேட்டையில் எத்தனை கம்பெனிகள் நம்மோடு ஒப்பந்தத்தில் இருக்கின்றன என்று விரல் விட்டுச் சொன்னார். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"டிபிக்கு அப்புறம் வந்த பாதிப்புன்னு எழுதிடுங்க டாக்டர். அதுல யாருக்கும் பிரச்சினை இல்ல."

"அவருக்கு இருக்கு" என்றேன்.

அதற்கும் அவர் கோபப்படவில்லை. அப்படியென்றால் பழைய ரிப்போர்ட் எப்படிச் சரியாக வந்தது என்று எழுதுங்கள் என்றார். ஆள் மாறாட்டம் நடந்திருந்தால் அது மோசடி, கம்பெனி போலீசுக்குப் போகும், ஊதினவர், ஊத வைத்தவர் எல்லோரும் மாட்டுவார்கள் என்றார். முகாம் நடத்திய எங்கள் பெயர் அதில் வராது என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார். எவ்வளவு அழகாகப் பூட்டு போட்டார் பாருங்கள். உண்மையைச் சொன்னால் ஒன்பது குடும்பம் தெருவுக்கு வரும். சொல்லாவிட்டால் இந்த ஒரு குடும்பம் தெருவில் நிற்கும்.

அடுத்த வாரம் பழவேற்காட்டுக்காரரே என்னைத் தேடி வந்தார். அகலமான ஆள், வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது. உட்காரச் சொன்னதற்கு மாட்டேன் என்றார்.

"நான்தான் ஊதினேன்னு என் பேர போட்டு எழுதிக்கினு போங்க மேடம். என் ஒர்த்தன் வேல பூடும், அவ்ளோதானே. அவன் பொண்டாட்டிக்கு எதனா கெடைக்கட்டும்."

உங்கள் பெயரை எழுதினால் யார் யாருக்கு ஊதினீர்கள் என்று அடுத்த கேள்வி வரும் என்றேன். அவர் அதை யோசித்திருக்கவில்லை. பேஜாரா போச்சு மேடம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. மருத்துவப் பட்டமோ முத்திரையோ இல்லாத அந்த மனிதர் தன் வேலையைக் கொடுக்கிறேன் என்று வந்து நிற்கிறார். எல்லாம் வைத்திருக்கிற நான் முத்திரைக்கு அலைந்துகொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் என் சொந்த லெட்டர்ஹெட்டில் எழுதினேன். இந்தப் பட்டறையில் மூன்று வருடம் என் கையெழுத்தில் போன மூச்சுப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள் எதையும் நம்ப வேண்டாம். ஊதியது யார் என்று நான் சரிபார்க்கவில்லை, கோடுகளைப் படிக்காமலே கையெழுத்து போட்டேன். தவறு என்னுடையது. இந்த நோயாளிக்கு இருப்பது மணல் தூசியால் வந்த சிலிக்கோசிஸ். அங்கே வேலை செய்யும் மற்ற எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இவ்வளவுதான் கடிதம். பழவேற்காட்டுக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுதி முடித்ததும் இருபத்தைந்து வருடப் படிப்பும் பெயரும் போகப்போகிறது என்று பயந்து அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடிதத்தைத் தபாலில் போட மனம் வரவில்லை, திருவள்ளூரில் இருக்கும் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்கு நேரிலேயே கொண்டுபோனேன். மீஞ்சூரும் திருவள்ளூரும் ஒரே மாவட்டம். ஆனால் ரயிலில் போக வேண்டுமென்றால் சென்னைக்குள் போய் வண்டி மாறித்தான் போக வேண்டும். நல்ல காலோடும் நல்ல மூச்சோடும் இருக்கிற எனக்கே போய்வர ஒரு பகல் ஆனது. அந்த நோயாளி, நோயை உறுதிசெய்கிற மெடிக்கல் போர்டுக்கும் அலுவலகத்துக்குமாக அதற்குப் பிறகு எத்தனை தடவை அலைந்தார் என்பதை அவர் மனைவிதான் சொல்ல வேண்டும். பிளாட்பாரப் படிக்கட்டு ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாராம்.

ஆஸ்பத்திரியில் என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான். கடைசி நாளில் கேக்கும் வெட்டினார்கள். மருத்துவக் கவுன்சிலிலிருந்து விளக்கம் கேட்டு எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஆய்வாளருக்கு எழுதியதையே பதிலாகவும் எழுதினேன். எச்சரிக்கையோடு விட்டார்கள். அதைவிடக் கடுமையாக ஏதாவது கொடுத்திருந்தாலும் நான் கேள்வி கேட்டிருக்க மாட்டேன்.

ஒரு வருடத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு போய், வேலையால் வந்த நோய் என்று அந்தப் பொதட்டூர்பேட்டைக்காரருக்கு எழுத்தில் கிடைத்தது. உயிரோடு இருக்கும்போதே அந்தத் தாளை அவர் கையில் வாங்கினார். ஊருக்குத் திரும்பிவிட்டார். கட்டில் பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின் இருக்கிறது என்று மனைவி போனில் சொன்னார். இதை வெற்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் கடிதத்தால் பட்டறையிலும் ஒரு மாற்றம் வந்தது. அதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆய்வுக்குப் போனவர்களிடம் தூசியை உறிஞ்சும் மிஷினுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறோம் என்று ஒரு தாளைக் காட்டினார்கள். இன்றைய தேதி வரை அந்த மிஷின் வரவில்லை. முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் கண்டுபிடிக்கிற கேமரா மட்டும் ஒரே மாதத்தில் வந்தது. ஊதுகிற குழாய்க்கு நேர் எதிரே அதை மாட்டியிருக்கிறார்கள். அதே ஆஸ்பத்திரி, அதே பேக்கேஜ், புதிதாக ஒரு டாக்டர், கூடவே கேமரா. இனி யாருக்காகவும் யாரும் ஊத முடியாது. என் கையெழுத்தில் இருந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். தூசி அப்படியே இருக்கிறது.

அந்தக் கேமராவுக்குப் பிறகு நடந்த முதல் முகாமில், மீதியிருந்த அந்த ஆட்களில் பாதிப் பேருக்கு அட்டை நின்றுபோனது. நான் இப்போது கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன கிளினிக் வைத்திருக்கிறேன். பழைய மூச்சுப் பரிசோதனை மிஷின் ஒன்றையும் வாங்கிப் போட்டிருக்கிறேன். போன மாதம் ஒரு காலையில் அவர்கள் நான்கு பேராக வந்தார்கள். நீங்கள் எழுதப் போய்த்தானே இப்படி ஆனது என்று என்னைத் திட்டுவார்கள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பொதட்டூர்பேட்டை அண்ணனுக்குக் கொடுத்த மாதிரி எங்களுக்கும் லெட்டர் கொடுங்கள் என்று மட்டும் கேட்டார்கள். ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, முகத்தைப் பார்த்து, எக்ஸ்ரேயைப் பார்த்து, ஊதச் சொல்லி எழுதினேன்.

நான்காவதாக உள்ளே வந்தவர் பழவேற்காட்டுக்காரர். மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு துணைக்கு வந்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இந்தத் தடவை சொல்லாமலே உட்கார்ந்தார். அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இந்த தபா எனக்கு மட்டும்தான் மேடம் ஊதினேன். அதுவே வரல."

அவர் மூன்று வருடம் ஊதிய கோடுகளின் நகல் என்னிடம் இருந்தது. எடுத்து வரிசையாக வைத்தேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இவற்றையெல்லாம் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து பார்த்தவள் நான். ஒன்பதும் ஒரே ஆளுடையதா என்று மட்டும்தான் பார்த்திருக்கிறேன். எல்லாம் பச்சைதான், ஆனால் முதல் வருடத்தைவிட இரண்டாம் வருடம் கோடு இறங்கியிருந்தது, அதைவிட மூன்றாம் வருடம் இறங்கியிருந்தது. அந்த ஆளுக்கு என்ன ஆகிறது என்று நான் பார்க்கவே இல்லை.